நாதாங்கிச் சத்தம்

நசீரா டீச்சர் அந்த நாவலைக் கொடுக்கும்போதே எச்சரித்துத்தான் கொடுத்தார்.

"படிக்கிறதுன்னா பகல்ல படி ரஞ்சனி. சாப்பாட்டுக்கு முன்னாடி கையில எடுக்காத. நான் ரெண்டு நாள் பாத்ரூம் கதவைத் தாழ்போடாமக் குளிச்சேன், பாத்துக்க."

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் யார்தான் வாங்காமல் இருப்பார்கள்? டிபன் பாக்ஸுக்கும் குடைக்கும் நடுவில் புத்தகத்தைச் செருகிக்கொண்டாள் ரஞ்சனி.

அவள் ஒன்றும் புத்தகமும் கையுமாக அலைகிற ஆள் இல்லை. திருவெறும்பூரில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டில். ஒரு பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்ட், அங்கே இறங்கி முண்டியடித்து இன்னொரு பஸ்ஸில் அரியமங்கலம் தாண்டி திருவெறும்பூர் என்று காலையும் மாலையும் பாதி உயிர் பஸ்ஸிலேயே போகும். உட்கார இடம் கிடைத்தால் போனை நோண்டுவாள். அன்றைக்குப் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான், வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

நாவலில் சௌந்தரி என்று ஒரு பெண். மலைமேல் ஒரு பங்களாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவளை, அந்த வீட்டுக்காரர்கள் சாமான் அறையில் பூட்டி வைத்துவிடுகிறார்கள். வேலை நேரத்தில் திறந்துவிடுவார்கள், வேலை முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். வருஷக்கணக்காக. எப்படியோ தப்பித்து அக்கா வீட்டுக்கு வந்து சேர்கிறாள். அப்பாடா என்று நாம் மூச்சு விடுகிற இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது. வெளியே வந்தவளால் வெளியே இருக்க முடியவில்லை. ராத்திரி கதவைச் சாத்தவிட மாட்டாள். தலையணைக்கு அடியில் பன் ரொட்டியை ஒளித்து வைப்பாள். சொந்த அக்காவிடம், "கக்கூஸ் போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்பாள்.

பன்னை ஒளித்து வைக்கிற இடம் வந்தபோது ரஞ்சனி புத்தகத்தை மூடிவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். எதையும் பார்க்கவில்லை, சும்மா பார்த்தாள். பஸ் திருவெறும்பூரைத் தாண்டி, துவாக்குடிக்குப் போய் நின்றபோதுதான் கண்டக்டர் வந்து தோளருகே சொடக்குப் போட்டார்.

அவள் புருஷன் சிவசங்கரின் சட்டைப் பையில் எப்போதும் பிஸ்கட் இருக்கும். துவைக்கப் போடும்போது பார்க்காமல் விட்டால் வாஷிங் மெஷின் முழுக்கப் பிசுபிசுவென்று மாவு. "சின்னப் பிள்ளையா நீங்க?" என்று எத்தனையோ முறை வைதிருக்கிறாள்.

சிவசங்கர் வெல்டர். கல்யாணமான அடுத்த வருஷம் மலேசியாவுக்கு வேலைக்குப் போனான். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு ஷெட்டில் ஆட்களை அடைத்து வைத்து வேலை வாங்கியிருக்கிறார்கள். யாரோ புண்ணியவான் தகவல் சொல்லி, தூதரகத்தில் பேசி, எல்லோரையும் மீட்டு அனுப்பினார்கள். இவ்வளவும் ஏர்போர்ட்டில் கூட வந்த ஒருவர் சொல்லித்தான் ரஞ்சனிக்குத் தெரியும். சிவசங்கர் சொன்னது ஒரே வரி: "சாப்பாடு ஒத்துக்கல." வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வேலை. ஒழுங்காகப் போகிறான், ஒழுங்காக வருகிறான். குடிப்பதில்லை, கத்துவதில்லை. சொந்தக்காரர்கள், "தங்கமான புள்ள, எல்லாத்தையும் மறந்துட்டு வேலையைப் பாக்குது," என்றார்கள். ரஞ்சனியும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

நாவல் வந்து அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

ராத்திரி கதவைத் தாழ்போட விடமாட்டான் சிவசங்கர். பழைய செருப்பு ஒன்றைக் கதவிடுக்கில் கொடுத்து, ஒருக்களித்துத்தான் வைப்பான். "காத்து வரட்டும்," என்பான். "காத்து மட்டுமா வரும்? திருடனும் வருவான்," என்று அவள் சண்டை போட்டதெல்லாம் உண்டு. இப்போது சௌந்தரியும் அதையேதான் செய்கிறாள், அதே செருப்பு இல்லாவிட்டாலும் ஒரு செங்கல்லை வைத்து. பஸ்ஸின் இரைச்சலில், பக்கத்தில் ஒரு அம்மாள் கீரைக்கட்டைத் தன் மடியில் பாதியும் இவள் மடியில் பாதியுமாக வைத்திருக்க, ரஞ்சனிக்கு அழுகை அழுகையாக வந்தது. தன் வீட்டில் ஒரு மனுஷன் எரிந்துகொண்டிருக்கிறான், தான் புகைக்குக் காரணம் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறோம் என்று தோன்றியது.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புத்தகத்தைத் திறந்தால் மேலே படிக்க முடியவில்லை, மூடினால் சும்மா இருக்க முடியவில்லை. நான்கு பக்கம் படிப்பாள், எழுந்து நிற்பாள், போன் போட்டு "சாப்பிட்டீங்களா?" என்று சிவசங்கரைக் கேட்பாள். அவன் வெல்டிங் முகமூடியைத் தூக்கிவிட்டு, "இப்பத்தானே கேட்ட?" என்பான். ஸ்டாஃப் ரூமில் குட்டி போட்ட பூனை மாதிரி அவள் சுற்றி வருவதைப் பார்த்து நசீரா டீச்சர், "கொடுத்துரும்மா அதை, உனக்கு ஆகல," என்று கையை நீட்டினார். ரஞ்சனி கொடுக்கவில்லை. அந்தப் புத்தகத்தில் தன் புருஷனைப் பற்றிய எல்லாமும் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நினைத்தால் யார் என்ன செய்ய முடியும்?

வீட்டில் அவனைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. அவன் தட்டுக்கு முன்னால் உட்காரும்போது வழக்கம்போல, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?" என்றான். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். முன்பெல்லாம் இதற்கு, "உங்க மாமியார், மச்சான் எல்லாரும் சாப்பிட்டாச்சு, நீங்க உக்காருங்க," என்று கிண்டல் செய்வாள். இப்போது நாவலில் தேடினாள். இந்தக் கேள்வி நாவலில் இல்லை. இன்னும் படிக்காத பக்கத்தில் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

இன்னொன்றையும் அவள் நாவலில் தேடினாள், கிடைக்கவில்லை. அவன் வீட்டுச் சாவியைத் தொடமாட்டான். அவனுக்கென்று ஒரு சாவி அடித்துக் கொடுத்தது டிவி ஸ்டாண்டில் அப்படியே கிடக்கிறது. அவள் வருவதற்கு முன்னால் வந்துவிட்டால் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். "தொலைச்சுருவேன்," என்று காரணம் சொன்னான். அவன் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொலைத்ததில்லை.

ஒருநாள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"அங்க உங்களை அடிச்சாங்களா?"

அவன் கை தட்டிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சும்மாதான் கேட்டேன்."

"என்னை யாரும் அடிக்கல."

சௌந்தரியும் அக்காவிடம் இதையேதான் சொல்கிறாள். ரஞ்சனி தலையைத் தலையை ஆட்டிக்கொண்டு, அவன் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான்.

"என்ன நீ, ஆஸ்பத்திரியில படுத்திருக்கிறவனைப் பாக்குற மாதிரியே பாக்குற? எனக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்லங்க. சாப்பிடுங்க."

சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில், அவளால் பொறுக்க முடியவில்லை. நடுவில் ஒரு கற்றைப் பக்கங்களைத் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போனாள். பரீட்சைக்கு இப்படிப் படிக்கிற பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிற்கவைத்து மானத்தை வாங்குகிறவள்தான் இவள். கடைசிக்கு முந்தின அத்தியாயம் கண்ணில் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை. சௌந்தரி அன்று சந்தோஷமாக இருக்கிறாள். வயிறாரச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள், புடவையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொள்கிறாள். "ஆத்துப் பக்கம் போயிட்டு வரேன்," என்கிறாள். "நானும் வரேன்," என்கிறாள் அக்கா. "வேணாம், நான் மட்டும்," என்று சொல்லிவிட்டுப் போய், கட்டின புடவையோடு தண்ணீரில் இறங்குகிறாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. அத்தியாயம் அங்கே முடிந்தது.

ரஞ்சனி புத்தகத்தை அறைந்து மூடினாள். அதற்கு மேலும் ஓர் அத்தியாயம் இருக்கிறதே, அதையும் படித்துத் தொலைத்திருக்கலாம். படிக்கவில்லை.

அன்று சிவசங்கர் அவளுக்கு முன்பே வந்து, மாடிப்படியில் உட்கார்ந்து, விசிலடித்துக்கொண்டிருந்தான். கையில் சூடான பக்கோடாப் பொட்டலம். கல்யாணமான புதிதில் கேட்ட விசில் அது. கீழ் வீட்டு ரெங்கம்மாள், வீட்டுச் சொந்தக்காரர், "என்ன தம்பி, இன்னைக்கு மூஞ்சியில பல்பு எரியுது?" என்று கேட்கிற அளவுக்கு அவன் முகம் தெளிந்திருந்தது. மாடிக்கு வந்து, பக்கோடாவைத் தட்டில் கொட்டி, அவளுக்கு ஊட்டிவிடாத குறையாகப் பேசினான். டிவியில் வந்த ஏதோ ஒரு அசட்டுக் காமெடிக்கு வாய்விட்டுச் சிரித்தான். பிறகு எழுந்து, நீலச் சட்டையை எடுத்து, தானே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டினான்.

ரஞ்சனி அந்தச் சட்டையையே பார்த்தாள். "எங்க போறீங்க?"

"நாளைக்குச் சாயந்திரம் கொள்ளிடத்துப் பக்கம் ஒரு வேலை இருக்கு. போயிட்டு வந்துடுறேன்."

"நானும் வரேன்."

"வேணாம்மா. நான் மட்டும் போயிட்டு வரேன்."

சௌந்தரி சொன்ன அதே வார்த்தை. டிவியில் கீழே எழுத்து ஓடிக்கொண்டிருந்தது: கொள்ளிடத்தில் உபரி நீர் திறப்பு, கரையோர மக்கள் ஆற்றில் இறங்க வேண்டாம். வருஷத்தில் பாதி நாள் மணலும் நாணலுமாகக் கிடக்கிற ஆறு, இந்த ஆவணியில் பார்த்துக் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. "என்ன வேலை?" என்று கேட்டாள். "வந்து சொல்றேனே," என்று சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கொன்றது. அன்று அவள் கண்ணை மூடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் பள்ளியில் பெற்றோர் கூட்டம். தொழிற்சாலை வேலைக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு என்பதால் அன்றுதான் வைப்பார்கள். ரஞ்சனி காலையிலேயே ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் போன் போட்டு, வயிற்றுவலி என்று இழுத்தாள். "மாத்திரை போட்டுட்டு வாங்க மிஸ். உங்க கிளாஸ் பேரன்ட்ஸுக்கு நானா பதில் சொல்றது?" என்று அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

மத்தியானம் சிவசங்கர் வயிறாரச் சாப்பிட்டான். இதுவும் நாவலில் இருந்தது. பிறகு பாயை விரித்துப் படுத்தான். அவள் புடவை கட்டி, தலை வாரி, பையை எடுத்து, செருப்பை மாட்டி, மறுபடி கழற்றி உள்ளே வந்து பார்த்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மூச்சு சீராக இருந்தது. ஆணியில் நீலச் சட்டை.

உள்ளே ஆள் தூங்கிக்கொண்டிருந்தால், எதற்கு எழுப்புவானேன் என்று வெளியே பூட்டிக்கொண்டு கடைக்குப் போய்வருவது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். அதில் யாருக்கும் ஒரு குற்றமும் தோன்றாது. ஆனால் சிவசங்கர் திரும்பி வந்ததிலிருந்து ரஞ்சனி அதை ஒருமுறைகூடச் செய்ததில்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது, கை வராது, அவ்வளவுதான். அன்று கை வந்தது. கதவிடுக்கில் இருந்த செருப்பைக் காலால் தள்ளி, கதவைச் சத்தமில்லாமல் இழுத்துச் சாத்தினாள். நாதாங்கியைத் தூக்கி மாட்டினாள். அது மட்டும் 'ணங்' என்றது. பூட்டைப் போட்டு, இழுத்துப் பார்த்து, சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். 'அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன். அதுவரைக்கும் ஆறு அவரை ஒண்ணும் செய்ய முடியாது' என்று படி இறங்கினாள். ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்ட தெம்புகூட இருந்தது.

அந்தத் தெம்பு சத்திரம் வரை வந்தது. அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கை தானாகப் புத்தகத்தை எடுத்தது. இனிமேல் என்ன இருக்கிறது, அந்தப் பாவியின் சவத்தைத் தேடுவார்கள், அக்கா அழுவாள் என்று நினைத்துக்கொண்டே கடைசி அத்தியாயத்தைத் திறந்தாள்.

சௌந்தரி சாகவில்லை.

கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு, முங்கி எழுந்து, புடவையைப் பிழிந்துகொண்டு கரையேறி வருகிறாள். பூட்டி வைத்திருந்த அந்தப் பங்களாவில் அவளுக்குக் குளிக்க ஒரு வாளித் தண்ணீர், ஒருவர் வெளியே நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று கதவைத் தட்ட. தன் இஷ்டத்துக்கு, யார் உத்தரவும் இல்லாமல், வேண்டுமென்கிற நேரம் வரை குளிக்கத்தான் அவள் ஆற்றுக்குப் போயிருக்கிறாள். அதனால்தான் சிரித்தாள். அதனால்தான் நல்ல புடவை. வீட்டுக்கு வந்து பார்த்தால், பயந்துபோன அக்கா, இனிமேல் இவளை வெளியே விடக் கூடாது என்று கதவுக்கு ஒரு பூட்டு வாங்கி வைத்திருக்கிறாள்.

ரஞ்சனி அந்த வரியை மறுபடி படித்தாள். பிறகு, "வண்டியை நிறுத்துங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார்.

அரியமங்கலத்தில் இறங்கி ரோட்டைக் கடந்தாள். ஒரு லாரிக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். எதிர்ப்பக்கம் பஸ்ஸைக் காணோம். சிவசங்கருக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு ஏறினாள். பால்பண்ணை நிறுத்தத்து நெரிசலில் அது நின்ற நிலைக்கு, இறங்கி நடந்தாலே முந்திப் போய்விடலாம் போலிருந்தது. ரெங்கம்மாளைக் கூப்பிட்டாள்.

"அம்மா, மாடியில அவரு எந்திரிச்சுட்டாரா பாருங்களேன்."

"மாடியில யாரு இருக்கா? பூட்டுல்ல தொங்குது? ரெண்டு பேருமா எங்கயோ கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, அவரு உள்ளதான் இருக்காரு. நான்தான் பூட்டிட்டு வந்துட்டேன். கொஞ்சம் குரல் குடுங்களேன்."

"மூட்டு வலியில மாடி ஏற முடியாதும்மா. இரு, இங்கயிருந்தே கூப்பிடுறேன். தம்பி! தம்பீ! சிவசங்கரு!"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டாள் ரஞ்சனி. பதில் இல்லை. ரெங்கம்மாள் மறுபடி லைனுக்கு வந்தார். "ஒரு சத்தமும் இல்லையேம்மா. அசந்து தூங்குதோ என்னவோ."

சத்திரத்தில் இறங்கி ஓடினாள். ஆட்டோவில் ஏறினாள். "சீக்கிரம் போங்கண்ணே," என்று சொல்லி முடிப்பதற்குள் ஆட்டோ காவிரிப் பாலத்து நெரிசலில் போய் நின்றது. முன்னால் ஒரு வேன் முழுக்கக் கோயிலுக்கு வந்த வெளியூர்க்காரர்கள், ராஜகோபுரம் தெரிந்துவிட்டதென்று ஜன்னலுக்கு ஜன்னல் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரஞ்சனியும் கும்பிட்டாள். ரெங்கநாதா, கதவைத் திறக்கும்போது மின்விசிறியைப் பார்க்க வைத்துவிடாதே. அவளுக்குத் தெரிந்த பிரார்த்தனை அவ்வளவுதான்.

மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று தெரியாது. சாவி பூட்டில் நுழையவில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தாள். பூட்டு கழன்றது. நாதாங்கியைத் தூக்கினாள், கதவைத் தள்ளினாள்.

சிவசங்கர் கதவை ஒட்டினாற்போல் தரையில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தான், தலை வாரியிருந்தான். முழங்காலைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல அடக்கமாக. பக்கத்தில் போன் கிடந்தது. ஒரு பிஸ்கட் பாக்கெட்டும், பிரிக்காமல்.

"மன்னிச்சுடுங்க," என்று அவன் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "உங்களைப் பூட்டிட்டுப் போயிட்டேன். நான் ஒரு பைத்தியக்காரி. அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுட்டு… தூங்குறீங்கன்னு நெனச்சேன். ஆத்துக்குப் போறேன்னீங்களா, பயந்துட்டேன்."

"தூங்கல. முழிச்சுத்தான் இருந்தேன். நீ பூட்டுறதைக் கேட்டேன்."

குரலில் கோபம் இல்லை. அவளுக்கு அது இன்னும் பயமாக இருந்தது. "அப்ப ஏங்க கூப்பிடல? ஒரு குரல் குடுத்திருந்தா நான் படியிலதானே நின்னேன்? கீழ ரெங்கம்மா கூப்பிட்டாங்களே, அதுக்காவது பதில் சொல்லியிருக்கலாம்ல?"

"அவங்க யாரும் என்னைக் கூப்பிட்டதில்ல, ரஞ்சனி."

"யாரு?"

அவன் கதவைப் பார்த்தான். அதன் வெளிப்பக்கம் நாதாங்கி இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அங்க பூட்டினது நான்தான்," என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. நாவலில் இப்படி ஒரு ஆள் இல்லை. பூட்டுகிறவர்கள் வேறு, பூட்டப்படுகிறவர்கள் வேறு.

"எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் வரும்ல? அதனால சூப்பர்வைசரு சாவியை என்கிட்டக் குடுத்தான். சாயந்திரம் எல்லாரையும் எண்ணி உள்ள விட்டு, நாதாங்கியைப் போட்டு, பூட்டி, சாவியை அவன்கிட்டக் காட்டணும். மாட்டேன்னேன். சரி, நீ உள்ள போ, வேற ஒருத்தன் பூட்டட்டும்னான். அப்புறம் நான் ஒண்ணும் சொல்லல." ஒவ்வொரு வார்த்தையையும் எடுத்து வைப்பதுபோல் சொன்னான். "எனக்கு வெளியில கட்டில். ஃபேன். அவங்களுக்கு உள்ள ஒரே ஜன்னல். நான் பெரிய யோக்கியனாட்டம் பூட்டுறதுக்கு முன்னாடி கேப்பேன், எல்லாரும் சாப்பிட்டாச்சான்னு. பிச்சமுத்துன்னு ஒரு பையன், மண்ணச்சநல்லூருக்கு அந்தப் பக்கம். அவன்தான் எல்லாருக்குமா பதில் சொல்லுவான். 'ஆச்சுண்ணே, நீங்க பூட்டுங்க'ன்னு. சாப்பிடாத நாள்லயும் அப்படித்தான் சொல்லுவான். கதவுக்கு அடியில பிஸ்கட் தள்ளி விடுவேன். அதுக்கும் 'சரிண்ணே'ம்பான்."

ரஞ்சனி தரையில் கிடந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்தாள்.

"என்னை யாரும் அடிக்கலன்னு சொன்னேன்ல? நிஜம்தான். அவங்களைத்தான் அடிச்சாங்க. கதவை நான் தொறந்து விட்டேன், அடிச்சாங்க, நான் பூட்டினேன்." மூக்கை உறிஞ்சினான். "அந்த நாதாங்கி விழுற சத்தம் உள்ள இருந்து கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. படுத்தா அதான் நெனப்பு. இன்னைக்கு நீ பூட்டினப்புறம் எந்திரிச்சு, சட்டையைப் போட்டு, தலை வாரி, கதவைத் தட்டத்தான் வந்தேன். வந்து உக்காந்துட்டேன். கேட்டுப் பாப்போமேன்னு."

"எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் கேட்டுவிட்டோமே என்றிருந்தது.

அவன் அழுதான். திரும்பி வந்த நாளிலிருந்து அவன் அழுது அவள் பார்த்ததில்லை. சட்டையின் முன்பக்கம் நனைகிற அளவுக்கு அழுதான். அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நாவலில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடத் தோன்றவில்லை.

தரையில் கிடந்த போன் அதிர்ந்தது. பிச்சமுத்து என்று பெயர் எரிந்தது.

"இவனைப் பாக்கத்தான் கெளம்பினேன்," என்றான் சிவசங்கர். "வந்ததுலேர்ந்து போன் போடுறேன், எடுக்கவே மாட்டான். நேத்துத்தான் எடுத்தான். நாளைக்குச் சாயந்திரம் கொள்ளிடத்துக்கு அக்கரையில வந்து நிக்கிறேன், வாங்கண்ணேன்னான். ரொம்ப நேரமாக் கூப்பிட்டுட்டு இருக்கான். என்ன சொல்றதுன்னு தெரியல."

"முதல்ல எடுங்க."

எடுத்தான். அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு, ஸ்பீக்கரில் ஆற்றுக்காற்றின் இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணே, என்னண்ணே, வரலையா?"

"வரத்தான்டா கெளம்பினேன். வர முடியல. வீட்டுல… உள்ள வச்சுப் பூட்டியிருந்துச்சு. நான் உள்ள இருந்தேன்டா பிச்சமுத்து."

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. ஒரு லாரி பாலத்தில் போகிற சத்தம். போனை வைத்துவிடுவான் என்றுதான் ரஞ்சனி நினைத்தாள்.

"இப்பத் தொறந்தாச்சாண்ணே?"

"ஆச்சுடா," என்றான் சிவசங்கர்.

"அப்ப வாங்க. இருட்டுற வரைக்கும் இங்கதான் நிப்பேன்."

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தான். பிஸ்கட் பாக்கெட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். செருப்பை மாட்டும்போது, "நீயும் வா," என்றான். அவள் பையைக்கூட எடுக்காமல் பின்னாலேயே படி இறங்கினாள். பாதிப் படியில் ரெங்கம்மாள் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்து, "ஒரு குரல் குடுக்கக் கூடாதா தம்பி? பதறிப் போயிட்டேன். கெளம்பிட்டீங்களா? கதவைப் பூட்டலையாம்மா?" என்றார்.

"இருக்கட்டும்மா," என்றாள் ரஞ்சனி. அந்த வீட்டில் இனிமேல் பூட்டு என்ற ஒன்று வேண்டாம் என்று அவள் ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

சிவசங்கர் நின்றான். திரும்பி மேலே ஏறினான். என்னவோ ஏதோ என்று அவளும் பின்னாலேயே ஓடினாள். அவன் வீட்டுக்குள் போய் அடுப்படியைப் பார்த்தான். பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தான். குனிந்து கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான். வெளியே வந்து, கதவைச் சாத்தி, நாதாங்கியைக் கையில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துக் கேட்டான்.

"உள்ள யாரும் இல்லைல?"

"யாரும் இல்லங்க."

நாதாங்கியைப் போட்டான். பூட்டைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, பூட்டிலிருந்த சாவியை உருவித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.